ஹாஸ்டல் பசங்களுக்கு ஓட்டு எங்க?
வெளியூர்ல படிக்கிற நிறைய பேரு ஊருக்குப் போக முடியாதுன்னு ஓட்டையே விட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி விட்டுடாதீங்க. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவங்க சொந்த ஊர்லயோ ஹாஸ்டல் அட்ரஸ்லயோ பேரைச் சேத்துக்கலாம்னு தேர்தல் ஆணையமே சொல்லுது, கோர்ஸ் அங்கீகாரம் உள்ளதா குறைஞ்சது 1 வருஷமாவது இருக்கணும், அவ்ளோதான். காலேஜ் ஆபீஸ்ல, நீங்க அங்க படிக்கிறீங்கன்னு சொல்ற போனஃபைடு சர்டிபிகேட் வாங்கி, புதுசா பேரு சேக்குற படிவம் 6 கூட வைங்க, ஏற்கனவே ஊர்ல பேரு இருந்தா புதுசா 6 போடாம படிவம் 8 போட்டு மாத்துங்க, ரெண்டு இடத்துல பேரு இருக்கவே கூடாது. 17 முடிஞ்சவங்களும் இப்பவே அப்ளை பண்ணலாம், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ஆம் தேதிகள்ல எதுல 18 ஆகுதோ அதை வச்சு சேத்துப்பாங்க.

முக்கியமா ஒண்ணு, காலேஜ் ஐடி கார்டை பூத்துல ஏத்துக்க மாட்டாங்க, பூத் ஸ்லிப் மட்டும் கொண்டுபோனாலும் பத்தாது. வாக்காளர் அட்டை இல்லன்னா ஆதார், பான், லைசென்ஸ், பாஸ்போர்ட் இதுல ஒண்ணு ஒரிஜினலா கையில இருக்கட்டும். ஆனா லிஸ்ட்ல பேரு இல்லாம எந்த கார்டு இருந்தும் பிரயோஜனமில்ல, அதனால ஆணையத்தோட வெப்சைட்லயோ 1950-க்கு போன் போட்டோ இன்னைக்கே பாத்துடுங்க, ரூம்மேட்டோடதையும் சேத்து.