பேக்கிங் அறை வாசலில் ஒரு கீசர்

குன்னூர்ப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங்குக்குப் போகிறவர்கள் கையைச் சரியாகக் கழுவாமல் விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு நழுவுவது சோம்பலால் இல்லை, குளிரால். போஸ்டர் ஒட்டி இதை மாற்ற முடியாது. சோப்பு போட்டால் பச்சைத் தண்ணீரிலும் கிருமி போகும்தான்; ஆனால் அந்தக் குளிரில் 20 வினாடி யார் கையைத் தேய்ப்பார்கள்? அறை வாசலிலேயே தொட்டி கட்டி, 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் மாட்டி, வெந்நீர் கலந்து ஒரே குழாயில் வரும்படி செய்தோம். வெதுவெதுப்பு போதும். சூடு கூடினால் தோல் வறண்டு வெடிக்கும்.

கோட்டை விடுவது பெரும்பாலும் துடைப்பதில். ஈரக்கை பட்டால் தூள் கட்டி தட்டும் என்பதால், கழுவிய கையை ஏப்ரனிலோ ஆணியில் தொங்கும் பொதுத் துண்டிலோ துடைப்பார்கள். மழைக்காலத்தில் அந்தத் துண்டு காய்வதே இல்லை, கழுவியதெல்லாம் வீண். பேப்பர் டவலும் காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும் வையுங்கள்.

திரவ சோப்பை மிச்சத்தின் மேலேயே ஊற்றக் கூடாது. டப்பாவைக் கழுவி, காயவைத்து நிரப்ப வேண்டும். வாசனை சோப்பு வேண்டாம், அந்த மணத்தைத் தேயிலை இழுத்துக்கொள்ளும்.

இலை சுருட்டும் ரோலரில் கிரீஸ் பட்ட கைக்கு சானிடைசர் உதவாது. இலையை உலர்த்தும் டிரையர் பக்கம் அதை வைக்கவும் கூடாது, தீப்பிடிக்கும். கையில் படியும் தேயிலைக் கொழுந்துக் கறை அழுக்கல்ல. தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம். கைக்கு வாஸலின் (Vaseline) தடவுவது ஷிஃப்ட் முடிந்த பிறகு மட்டும்.