பாஸ்கலில் 'வார்': ஃபங்ஷனுக்குக் கொடுத்த மாறியை உள்ளிருந்தே மாற்றுவது

நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் என்ற நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷன் ஒரே ஒரு மதிப்பைத்தான் திருப்பித் தரும். ஆனால் வகுத்தலுக்கு ஃபங்ஷன் எழுதினால் ஈவும் வேண்டும், வகுக்க முடிந்ததா என்ற தகவலும் வேண்டும். இந்த இரண்டாவது விடைக்கு வழி 'வார்' (var) என்ற சொல்.

நிரல்களை ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரில் பெயர்கள் உட்பட எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: வார் இல்லாமல்

ப்ரொசீஜர் கூட்டு(அ: இன்டிஜர்);
பிகின்
  அ := அ + 10;
எண்ட்;

எக்ஸில் 5 வைத்து கூட்டு(எக்ஸ்) என்று அழைத்தபின் எக்ஸை அச்சிடுங்கள். 5 தான் வரும். உள்ளே போனது எக்ஸின் நகல். வேலை முடிந்ததும் அது போய்விடும்.

படி 2: வார் சேர்த்து

ப்ரொசீஜர் கூட்டு(வார் அ: இன்டிஜர்);

இப்போது 15 வரும். 'அ' என்பது எக்ஸுக்கே இன்னொரு பெயர் ஆகிவிட்டது. அதனால்தான் கூட்டு(5) என்று எழுதினால் கம்பைலர் ஏற்காது; 5 என்ற எண்ணுக்குள் எதைப் போய் எழுதுவது? டைப்பும் அச்சாகப் பொருந்த வேண்டும், பைட் மாறியைக் கொடுத்தாலும் பிழைதான். உள்ளீடு வாங்க ரீட்(எக்ஸ்) என்று எழுதும்போதும் நீங்கள் எக்ஸை மாற்றுவதற்காகவே கொடுக்கிறீர்கள்.

படி 3: ஃபங்ஷனில் வார்

ஃபங்ஷன் வகு(அ, ஆ: இன்டிஜர்; வார் ஈவு: இன்டிஜர்): பூலியன்;
பிகின்
  வகு := ஆ <> 0;
  இஃப் ஆ <> 0 தென் ஈவு := அ டிவ் ஆ;
எண்ட்;

அரைப்புள்ளியைக் கவனியுங்கள். வாரின் ஆட்சி அடுத்த அரைப்புள்ளி வரைக்கும்தான். இங்கே அ, ஆ இரண்டும் நகல்கள். ஈவு மட்டும் வெளியே உள்ள மாறி.

இஃப் வகு(17, 5, வி) தென் ரைட்லன்(வி)
எல்ஸ் ரைட்லன்('பூஜ்யத்தால் வகுக்க முடியாது');

திரையில் 3 வரும்.

ஒரு பொறி இருக்கிறது. வார் மூலம் எக்ஸிலேயே 10 கூட்டி, அதையே விடையாகவும் தரும் 'ஏற்று' என்ற ஃபங்ஷனை எழுதி, எக்ஸ் 5 ஆக இருக்கும்போது ஏற்று(எக்ஸ்) + எக்ஸ் என்று போட்டால்? இடப்பக்கம் முதலில் கணக்கிடப்பட்டால் 30. வலப்பக்கம் முதலில் என்றால் 20. எது முதலில் என்று பாஸ்கல் உறுதி தருவதில்லை. ஆகவே வார் உள்ள ஃபங்ஷனைக் கணக்கின் நடுவே வைக்காதீர்கள். தனி வரியில் அழைத்து, விடையை வேறொரு மாறியில் வாங்கிக்கொண்டு பிறகு கூட்டுங்கள்.