இரண்டு மஞ்சளில் எது? சுவர் நிறம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாலுக்கு மஞ்சள் என்று முடிவானதும் ஷேட் கார்டில் எத்தனை மஞ்சள் இருந்தாலும் பேச்சு கடைசியில் இரண்டில் வந்து நிற்கும். ஒன்று சந்தன மஞ்சள். கொஞ்சம் அடங்கி, உள்ளே பழுப்பு ஓடும். இன்னொன்று மாம்பழ மஞ்சள்; பார்த்ததுமே மனதைப் பிடித்துவிடும். இந்த இடத்தில் புதிதாகப் பெயின்டிங் தொழிலுக்கு வரும் பையன்கள், நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். ஈரச் சுவரில் அடிக்காதே, பட்டி காயுமுன் தேய்க்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டையும் அடுத்தடுத்து அடித்துப் பார்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மதுரையில் ஒரு வீடு. பழைய சுவர் வெளிர் பச்சை. பையன் அதன் மேலேயே சாண் அகலத்துக்குச் சந்தனத்தையும் மாம்பழத்தையும் ஒட்டி ஒட்டி அடித்து, வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். “இது வெளிறிப்போய் இருக்கே தம்பி, அதையே அடிச்சிருங்க” என்று அந்த அம்மா மாம்பழத்தைக் காட்டினார். நான்கு சுவரும் முடிந்த அன்று சாயங்காலம் எனக்கு போன். “அண்ணே, சீலிங்கெல்லாம் மஞ்சளா தெரியுது. சீலிங்குக்கு வெள்ளைதானே சொன்னோம்?” சீலிங்குக்கு வெள்ளைதான் அடித்திருந்தது. அதற்குள் சோபா, அலமாரி எல்லாம் உள்ளே வந்தாயிற்று. எல்லாவற்றையும் இழுத்து மூடி, பிரைமர் அடித்து, மறுபடி இரண்டு கோட்டு. பெயின்ட் காசு, கூலி, யார் தருவது என்ற வாக்குவாதம் எல்லாம் ஒரு சாண் மாதிரியால் வந்தது.

அங்கே இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. முதலாவது, கண் எதையும் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் அளக்கும். அடர்ந்த மஞ்சளை ஒட்டி இருந்தால் சந்தனம் சோர்ந்துதான் தெரியும். அதே சந்தனத்தை வெள்ளைச் சுவரில் தனியாக வைத்தால் நல்ல மஞ்சள். போதாக்குறைக்குப் பின்னால் இருந்த பச்சை, மேலே அடித்த மஞ்சளைக் கொஞ்சம் சிவப்பேற்றிக் காட்டியது. சுவர் முழுக்க அடித்ததும் அந்தப் பச்சையும் இல்லை, பக்கத்துச் சந்தனமும் இல்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களோ அது வீட்டிலேயே இல்லை.

இரண்டாவதுதான் பெரிது. மஞ்சள் சுவர் வெளிச்சத்தில் உள்ள நீலத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தை எதிர்ச் சுவருக்கு அனுப்புகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் நீலம் போய், இன்னும் மஞ்சளாகத் திரும்பி வருகிறது. நான்கு சுவருக்குள் இது ஓயாமல் நடப்பதால், அறை எப்போதும் ஷேட் கார்டைவிட மஞ்சளாகத்தான் முடியும். சின்ன மாதிரியில் இது தெரியவே தெரியாது.

அதனால் நான் செருப்புப் பெட்டியில் பார்க்கச் சொல்வேன். ஒரே அளவில் இரண்டு அட்டைப் பெட்டி. மூடியைக் கழற்றிவிட்டு உள்பக்கம் முழுக்க வெள்ளை பிரைமர், அதன் மேல் பெட்டிக்கு ஒரு மஞ்சள், இரண்டு கோட்டு. ராத்திரி முழுக்கக் காயட்டும். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட், ஈரத்தில் வெளுத்துத் தெரியும், காய்ந்தால் அடரும். காலையில் பெட்டியைப் படுக்க வைத்து உள்ளே பாருங்கள். விளிம்பில் கார்டில் பார்த்த நிறம் இருக்கும். உள்ளே போகப் போக அடர்ந்து, மூலையில் ஆரஞ்சை நெருங்கும். உங்கள் ஹால் அந்த உள்பக்கத்துக்குத்தான் கிட்டே வரும். ஒரு பெட்டியைப் பார்க்கும்போது மற்றது வேறு அறையில் இருக்கட்டும். இரண்டில் எது நன்றாக இருக்கிறது என்று கேட்காமல், இந்த ஒன்றோடு குடியிருக்க முடியுமா என்று கேளுங்கள்.

முடிவே வரவில்லையா? கார்டில் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதை எடுங்கள். நான்கு சுவருக்கு அதுதான் சரியாக வரும்.

பகலில் மட்டும் பார்ப்பது

ஹாலில் ஆட்கள் கூடுவது ராத்திரியில்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. அதன் கீழே மாம்பழ மஞ்சள் எலுமிச்சைப் பக்கம் சாயும். 3000 கெல்வின் பல்பைப் போட்டால் அதே சுவர் ஆரஞ்சுப் பக்கம் போகும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் இந்த கெல்வின் எண் பல்பு டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். பல்பை முதலில் முடிவு செய்து, அதைப் போட்டு எரியவிட்டு, அப்புறம் நிறத்தைப் பாருங்கள். பெயின்ட் அடித்த பிறகு லைட்டை மாற்றினால் நிறத்தையும் மாற்றிய மாதிரிதான்.

வடக்கு ஜன்னல் அறைக்கு வெயிலே வராது என்று குளிர் நாட்டுப் புத்தகங்களை நம்பி அடர் மஞ்சள் எடுக்கிறவர்களும் உண்டு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும். மதுரையில் இந்தக் காலம் இன்னும் நீளம். கோடையில் அந்த அறைக்கும் வெயில் எட்டிப் பார்க்கும்.

தரையை மறப்பது

சிவப்பு ரெட் ஆக்சைடு தரையோ, சிவப்பு ஆத்தங்குடிக் கல்லோ இருந்தால் சுவரின் கீழ்ப்பாதி சிவப்பேறும். ஜன்னலை ஒட்டி வேப்பமரம் இருந்தால் அந்தப் பக்கம் பச்சை ஏறும். பெட்டியைத் தரையிலேயே வைத்துப் பார்த்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் படத்தை வைத்து நிறம் எடுப்பது

வேண்டவே வேண்டாம்.

அடர் மஞ்சளுக்கு இரண்டு கோட்டு என்று கணக்குப் போடுவது

சந்தன வகையில் மஞ்சளைத் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. அது பழைய நிறத்தை நன்றாக மூடும். பளிச்சென்ற மஞ்சளில் சேர்க்கும் நிறமிகள் அவ்வளவு மூடாது. அந்த ஷேடுக்குக் கடையில் எடுக்கும் பேஸிலும் (நிறம் கலக்குமுன் உள்ள அடிப்படை பெயின்ட்) வெள்ளை குறைவு. பச்சை, நீலச் சுவர் மேல் அடித்தால் மூன்றாவது, சில சமயம் நான்காவது கோட்டும் கேட்கும். வீட்டுக்காரரிடம் விலை சொல்லுமுன் இதைச் சொல்லிவிடுங்கள். அந்தச் செலவைக் கேட்டதும் சந்தனத்துக்கு மாறிய வீடுகள் உண்டு.

இன்னொன்று. பழைய மஞ்சள் எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய மஞ்சள் கதவு, ஜன்னலை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர்த் தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வைத்து ஈரமாகத் தேயுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

பளபளப்பு

பளபளக்காத மேட் வகையே போதும்.

பாதியில் தீர்ந்து மறுபடி வாங்குவது

ஒரே ஷேட் நம்பர் சொன்னாலும் வேறு கடை மெஷினில் கலந்தால் இம்மி மாறலாம், மஞ்சளில் அது கண்ணில் படும். நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 140 சதுர அடி வரும். அளந்து, கொஞ்சம் கூடவே ஒரே தடவையில் வாங்குங்கள். கடைசிக் கோட்டுக்கு முன் எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். மிஞ்சியதைக் கொட்டாமல் சின்ன டப்பாவில் மூடி, ஷேட் நம்பரும் பேஸும் மேலே எழுதி வைத்தால் பின்னால் ஆணி அடித்த ஓட்டையை அடைக்கும்போது அதே நிறம் கையில் இருக்கும்.