சிம்பிளா, சிம்ப்ளிஸ்டிக்கா? பாராட்டப் போய்த் திட்டிவிடாமல் எழுதும் முறை

"தேங்க் யூ சார், யுவர் எக்ஸ்ப்ளனேஷன் வாஸ் வெரி சிம்ப்ளிஸ்டிக்." எளிமையாகப் புரியவைத்ததற்கு நன்றி சொல்லத்தான் இப்படி எழுதுகிறார்கள். படிப்பவருக்கோ 'மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்' என்று சுருக்கென்று தைக்கும். சிம்பிள் என்பதையே கொஞ்சம் கெத்தாகச் சொன்னால் சிம்ப்ளிஸ்டிக் என்று நினைப்பதால் வருகிற வினை இது.

படி 1: பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பல காரணங்கள் பின்னிக் கிடக்கும் விஷயத்தை 'அவ்வளவுதான்' என்று ஒரே வரியில் முடிப்பது சிம்ப்ளிஸ்டிக். இது எப்போதும் குறை சொல்லும் சொல். சிம்ப்ளிஃபைட் அப்படியல்ல; சிறுவர்களுக்காக வேண்டுமென்றே எளிதாக்கிய கதைப் புத்தகம் சிம்ப்ளிஃபைட் வெர்ஷன். எளிதாக்கும்போது அளவு மீறிவிட்டால் ஓவர்சிம்ப்ளிஃபைட்.

படி 2: எதோடு சேரும் என்று பாருங்கள்

சிம்ப்ளிஸ்டிக் என்பது வியூ, ஆன்சர், அப்ரோச், சொல்யூஷன், ஆர்க்யுமென்ட், அனாலிசிஸ் என யோசனை, கருத்து சார்ந்த சொற்களோடு சேரும். உடை, சாப்பாடு, வாழ்க்கைக்குச் சிம்பிள்தான். "காமராஜர் லெட் எ சிம்பிள் லைஃப்" சரி; அங்கே சிம்ப்ளிஸ்டிக் போட்டால் தப்பு.

படி 3: வாக்கியம் அமையுங்கள்

முதலில் சின்னதாக: "தட் இஸ் எ சிம்ப்ளிஸ்டிக் வியூ."

அடுத்து, அதிகம் கைகொடுக்கும் அமைப்பு: "இட் இஸ் சிம்ப்ளிஸ்டிக் டு ப்ளேம் மொபைல் போன்ஸ் அலோன் ஃபார் லோ மார்க்ஸ்." இதில் 'அலோன்' முக்கியம். மொபைலுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணமில்லை என்ற அர்த்தம் அதில்தான் வருகிறது. அதோடு நிறுத்தாமல் விட்டுப்போன காரணத்தை உடனே சொல்லுங்கள்: "ஸ்லீப் அண்ட் டீச்சிங் ஆல்சோ மேட்டர்." ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் கட்டுரைப் பகுதியான ரைட்டிங் டாஸ்க் 2-இல் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும், அங்கே எதிர்த்தரப்பை மறுக்கும் பத்திக்கு இந்த ஜோடி வாக்கியம் கச்சிதம். காரணம் சொல்லாமல் முத்திரை மட்டும் குத்தினால் உங்கள் வாதமே சிம்ப்ளிஸ்டிக் ஆகிவிடும்.

மேலதிகாரியின் யோசனையைப் பற்றி என்றால் கொஞ்சம் தணித்து: "திஸ் சீம்ஸ் எ பிட் சிம்ப்ளிஸ்டிக்."

படி 4: அனுப்புமுன் சரிபாருங்கள்

'டூ சிம்ப்ளிஸ்டிக்', 'ஓவர்லி சிம்ப்ளிஸ்டிக்' என்று ஆங்கிலேயர்களே தாராளமாக எழுதுகிறார்கள். ஆனால் மிகை என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் இதுவும் 'நடு சென்டர்' ரகம்தான். கறாரான எடிட்டர் 'டூ'வை அடித்துவிடுவார். தேர்வில் தவிர்ப்பது நல்லது.

பெயர்ச்சொல்லாக வேண்டுமா? ஓவர்சிம்ப்ளிஃபிகேஷன் என்று எழுதுங்கள். சிம்ப்ளிசிட்டி என்று போட்டால் மறுபடி பாராட்டாகிவிடும். உயிரொலியில் தொடங்குவதால் ஓவர்சிம்ப்ளிஃபிகேஷனுக்கு முன்னால் 'ஆன்', சிம்ப்ளிஸ்டிக் வியூவுக்கு முன்னால் 'எ'.

வாய்விட்டுச் சொல்லும்போது அழுத்தம் நடுவில் உள்ள 'ப்ளிஸ்' மேல் விழ வேண்டும். சிம்பிள் மாதிரி முதல் அசையில் அல்ல.