புது பீர் கெட்டிலில் முதல்முறை காய்ச்சுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பீர் காய்ச்சும் பெரிய பாத்திரத்தைத்தான் கெட்டில் என்கிறோம். புது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெட்டில் பெட்டியிலிருந்து வரும்போது பளபளவென்றுதான் இருக்கும். அதை நம்பி நேராக மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கொட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியால் உள்பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் அழுக்கு ஒட்டும். தொழிற்சாலையில் தகட்டை வளைக்கும்போது தடவிய எண்ணெயும் மெருகேற்றும் பசையும்தான் அது. இந்தப் பிசுக்கு இருந்தால் பீரில் நுரை நிற்காது, வாடையும் ஏறும்.

பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் காய்ச்சலாம். அமெரிக்காவில் 1978இல் அதற்குக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அனுமதி இல்லை. அதனால் இது வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு. அடிப்பக்கம் வால்வ் வைத்த 35 லிட்டர் கெட்டிலை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வால்வைக் கழற்றுங்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை இதுதான். பால் வால்வின் (ball valve, உள்ளே ஓர் உருண்டை சுழன்று திறக்கும் வால்வ்) மரைகளிலும் உருண்டைக்குப் பின்னாலும் எண்ணெய் தேங்கியிருக்கும். மூன்று பாகமாகப் பிரியும் வால்வாக இருந்தால் முழுக்கப் பிரித்துவிடுங்கள். எந்த வாஷர் எங்கே இருந்தது என்று பிரிப்பதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விட், வெந்நீர், மெத்தென்ற ஸ்பாஞ்ச். கெட்டில், மூடி, வால்வ் பாகங்கள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, சோப்பு வாசனை போகும்வரை அலசுங்கள். கம்பி நார் வேண்டவே வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். குளோரின் பிளீச்சும் கூடாது, ஸ்டீலில் பொடிப்பொடியாகக் குழி விழும்.

அடுத்து, கெட்டில் நிறைய வெந்நீர் விட்டு பி.பி.டபிள்யூ. (PBW, பீர் பாத்திரங்களைக் கழுவும் காரத்தன்மையுள்ள பவுடர்) அல்லது வாசனை சேர்க்காத ஆக்ஸிஜன் பிளீச் பவுடரைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வால்வ் பாகங்களையும் அதிலேயே போடலாம். கையுறை அவசியம். ஊறியதும் நன்றாக அலசிவிட்டு, மறுபடி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். இன்னும் கறுப்பு வந்தால் பார் கீப்பர்ஸ் ஃபிரெண்ட் பவுடரை ஈரத்தில் குழைத்து லேசாகத் தேய்த்து, ஒரு நிமிடத்துக்குள் கழுவிவிடுங்கள். அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் மேலே ஒட்டிய இரும்புத் துகளையும் எடுத்துவிடும். பிறகு ஸ்டீலில் இருக்கும் குரோமியம் காற்றுப் பட்டுத் தானே ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். இரும்புத் தோசைக்கல்லைப் போல எண்ணெய் தடவிப் பழக்க வேண்டியதில்லை, பழக்கவும் கூடாது.

உங்களுடையது அலுமினியக் கெட்டிலா? அப்படியானால் ஆக்ஸிஜன் பிளீச் பக்கமே போகாதீர்கள், அதிலுள்ள காரம் (அல்கலி) அலுமினியத்தை அரிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். உள்ளே மங்கிக் கறுத்தால் பயப்பட வேண்டாம். அந்த ஆக்ஸைடு படலம்தான் பாதுகாப்பு, தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.

கிருமிநாசினி போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கெட்டிலுக்குத் தேவையில்லை. வோர்ட் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு) அதில்தான் ஒரு மணி நேரம் கொதிக்கப்போகிறது. கொதித்து ஆறிய பிறகு வோர்ட்டைத் தொடும் பாத்திரம், குழாய் எல்லாவற்றுக்கும் கட்டாயம் தேவை.

சரி, இப்போது வால்வை மாட்டுங்கள். சிலிக்கோன் ஓ-ரிங் (கசியாமல் தடுக்கும் வளையம்) நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம். 25 லிட்டர் தண்ணீரை லிட்டர் கணக்குப் பார்த்து ஊற்றி, ஒரு மரக்கரண்டியின் காம்பில் ஐந்து லிட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நட்டைச் சுற்றிக் காகிதத் துண்டால் ஒற்றிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். கசியாவிட்டால், வழக்கமாக வைக்கும் தீயில் மூடி இல்லாமல் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். சூட்டில் தண்ணீர் விரிந்திருக்கும் என்பதால் ஆறிய பிறகே அளக்க வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் உங்கள் அடுப்பில் ஆவியாகும் அளவு. நான்கு லிட்டர் குறைந்தால், 20 லிட்டர் வோர்ட்டுக்கு 24 லிட்டரில் தொடங்க வேண்டும். இதை எழுதி வைத்துவிட்டு, தண்ணீரை வால்வ் வழியாகவே வடித்து, மூடியைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள்.