டாக்டர் சீட்டு மட்டும் போதாது

பிள்ளைகளைப் பார்க்க துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும் பெற்றோரின் பெட்டியில் மாத்திரைக்கென்றே ஒரு பை இருக்கும். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகளால் பெரும்பாலும் தொல்லை வராது. தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம், டயசெபாம், வலிக்கான டிரமடால், கோடீன் கலந்த இருமல் சிரப், இவைதான் வம்பு; பல நாடுகளில் இவை போதை மருந்துக் கணக்கில் வரும். 'டாக்டர்தானே எழுதிக் கொடுத்தார்' என்ற தைரியத்தில் எடுத்துப்போவதுதான் பெரிய தவறு. அமீரகத்துக்குள் இவற்றைக் கொண்டுபோக முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரில் மருந்தையும் அளவையும் பொறுத்து அனுமதி தேவைப்படும். பயணத்துக்கு 10 வேலை நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ஜப்பான் இன்னும் கறார்: ஆம்ஃபெடமின் என்ற ஊக்கப்பொருள் கலந்த மருந்தை என்ன சீட்டு இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

சீட்டிலும் கவனம் வேண்டும். 'கே. முருகன்' என்று கிறுக்கிய சீட்டும், அப்பா பெயர் முழுதாக உள்ள பாஸ்போர்ட்டும் ஒரே ஆளுடையவை என்று அங்குள்ள அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், நோய், மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்), தினசரி அளவு எல்லாம் போட்டு, ஆங்கிலத்தில் டைப் செய்த கடிதமாக வாங்குங்கள். நம்மூர் பிராண்ட் பெயர் அங்கே செல்லாது.

அப்புறம் அட்டை. பத்து மாத்திரை கேட்டால் மெடிக்கலில் பதினைந்து மாத்திரை அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். பயணத்துக்கு முழு அட்டையாகவே, பில்லோடு வாங்குங்கள். இடம் மிச்சம் என்று எல்லாவற்றையும் உரித்து ஒரே டப்பாவில் கொட்டுவது அதைவிட மோசம்.

இன்சுலினை செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி தாமதமானால் அன்றைய ஊசி போச்சு. விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்துபோனாலும் இன்சுலின் உதவாது. கைப்பையிலேயே வைத்து, சோதனையில் நீங்களாகவே எடுத்துக் காட்டுங்கள். கைப்பையில் திரவங்களுக்கு உள்ள 100 மில்லி கட்டுப்பாடு மருந்துக்குக் கிடையாது.

'அங்கே இருக்கிற தம்பிக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துடுங்க' என்று யாராவது நீட்டினால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள். 2017-ல் துணைவருக்கென்று 290 டிரமடால் மாத்திரைகளோடு எகிப்தில் இறங்கிய பிரிட்டன் பெண்ணுக்கு மூன்று ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

மருந்தில்லாத ஒன்றும் உண்டு: அபினிச் செடியின் விதையான கசகசா. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. குருமாவுக்கென்று மசாலா அரைத்துக் கட்டியிருந்தால், அந்தப் பொட்டலத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.