தாத்தா விற்ற காரைத் தேடிப் பிடிப்பது எப்படி
முதலில் எண். பழைய ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் ரசீது, எதுவும் இல்லையென்றால் கல்யாண ஆல்பம். கார் முன்னால் நின்று எடுத்த படம் ஏதாவது ஒரு அத்தை வீட்டிலாவது இருக்கும். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் எண் கிடைத்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள், வேறு மாநிலத்தில் மறுபதிவானால் எண் மாறிவிடும், எஞ்சினையும் மாற்றியிருக்கலாம். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்தான் உறுதியான சாட்சி.

அப்புறம் படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து பானெட் நுனியில் இருக்கும் கம்பெனிச் சின்னத்தைப் பாருங்கள், எனக்குப் பிடித்த வேலையே இதுதான். பாய்மரக் கப்பல் என்றால் பிளைமவுத், வளைந்த கொம்புள்ள கடா என்றால் டாட்ஜ், சிறகு முளைத்த 'ஏ' என்றால் ஆஸ்டின். ஆனால் இந்தச் சின்னங்களைக் கழற்றித் தனியாக விற்றுவிடுவார்கள், அதனால் கிரில், பின்விளக்கு, டாஷ்போர்டில் சாமி படம் மாட்டிய திருகு ஓட்டை வரை குறித்துவையுங்கள்.

அந்தப் படத்தோடு சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளிலும், பழைய கார் பிரியர்களின் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பிலும் விசாரியுங்கள். இப்போதைய உரிமையாளர் கிடைத்தால் எடுத்தவுடன் விலை பேசாமல், உங்கள் குடும்பப் படங்களின் நகலைக் கொடுங்கள்.